மரத்தில் எரியாத ஒரு ஸ்டார்

போன டிசம்பரில் நடந்தது. மாமல்லபுரத்திலிருந்து திருப்போரூர் போகும் வழியில் டிபன் கடை வைத்திருக்கிறேன். வேலூர்ப் பக்கமிருந்து வந்து கடை போட்டு அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கிறிஸ்துமஸ் வந்தால் அந்த ஊர்ப் பையன்கள் ஒரு முழுச் சவுக்கு மரத்தைக் கொண்டுவந்து முக்கூட்டில் நட்டு, சீரியல் லைட்டும் காகித ஸ்டாரும் கட்டுவார்கள். சுற்றுவட்டார ஜனமே பார்க்க வரும். என் கடை முக்கூட்டிலேயே இருப்பதால் மரம் கடை வாசலில் நின்றது. எனக்கு வியாபாரம்தான். ஆனாலும் திட்டிக்கொண்டே இருந்தேன். என் வாய் அப்படி.

அன்று மதியம், சாயம் போன பழைய ஸ்டார் ஒன்று தாழ்ந்த கிளையில் தொங்கி, சாப்பிட வந்தவர்கள் தலையில் இடித்தது. எரிச்சலில் பிடுங்கிக் குப்பை டிரம்மில் போட்டேன். அதன் மேலேயே வடிகட்டிய ஈர டீத்தூளையும் எச்சில் இலையையும் கொட்டினேன்.

சாயங்காலம் லைட் போடும் முன் பையன்கள் எதையோ தேடினார்கள். கூட ஒரு பெண். மறைமலைநகர் கம்பெனியில் வேலை செய்பவள். தினமும் பஸ் ஏறுமுன் என்னிடம் இட்லி வாங்குவாள்.

“அக்கா, இங்க ஒரு ஸ்டார் கட்டினோமே, பாத்தியா?” என்றான் ஒரு பையன்.

“அந்தப் பழசா? வர்றவன் தலையெல்லாம் இடிச்சுகினு இருந்துச்சு. குப்பையில போட்டேன். ஏன், தங்கத்துல செஞ்சதா?”

இன்னொருவன் குரலைத் தாழ்த்தினான். “இவங்க வூட்டுக்காரரு இந்த வருஷம் தவறிட்டாருக்கா. சாவு வூட்டு வாசல்ல அந்த வருஷம் ஸ்டார் கட்ட மாட்டோம். அந்த வூட்டு ஸ்டார இந்த மரத்துல கட்டுவோம். அது அவரு கையால செஞ்சது.”

அவள் என் எதிரிலேயே நிற்கிறாள். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. “முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா?” என்று பையன்கள் மேல் பாய்ந்தேன்.

அவளே டிரம்மில் கையை விட்டு ஸ்டாரை எடுத்தாள். முந்தானையால் டீத்தூளைத் துடைத்தாள்.

“வுடுக்கா. உனக்கு இன்னா தெரியும்.”

குத்திக் காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். யார் தலையிலும் இடிக்காதபடி மேல் கிளையில் கட்டச் சொன்னாள். லைட் போட்டதும் மரம் முழுக்க ஜொலித்தது. ஊறிப்போன அந்த ஸ்டார் மட்டும் எரியவில்லை. எல்லோரும் அண்ணாந்து செல்போனில் படம் எடுத்தார்கள். அவள் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

இன்றும் இட்லி வாங்க வருகிறாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி அன்றைக்கே முடித்திருப்பேன். சண்டை போட மட்டும்தான் எனக்குத் தெரியும், மன்னிப்புக் கேட்கத் தெரியாது என்பது அவளுக்கு இட்லிப் பொட்டலம் கட்டும் ஒவ்வொரு காலையும் எனக்கு உறைக்கிறது.