கழுத்துப் பட்டி போட்ட செல்லப்பா அண்ணன்

கண்டி டவுனை ஒட்டிய மஹய்யாவையில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் செல்லப்பா அண்ணனுக்கு நாக்கு எதற்கு இருக்கிறது என்று எனக்கு வெகுகாலமாகச் சந்தேகம். எதைக் கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவார். சாப்பாடு எப்படி? ஒரு ஆட்டல். மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா? அதற்கும் அதே ஆட்டல். டவுனில் அவர் வேலை பார்க்கும் புடவைக்கடையில், "இந்தக் கலர் எனக்கு எடுப்பா இருக்குமா?" என்று பெண்கள் கேட்பார்கள். அவர் ஆட்டுவதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு வாங்கிப்போவார்கள். நானும் அப்படி ஒரு மஞ்சள் சேலை வாங்கி ஏமாந்திருக்கிறேன். எந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்பது அவர் மனைவி புஷ்பத்துக்கு மட்டும்தான் தெரியும். தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

போன வருடம் அவருடைய வலது கை மரத்துப்போகத் தொடங்கியது. துணி வெட்டும் கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. பிறகு தேத்தண்ணிக் கோப்பை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். கழுத்து எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் தட்டு ஒன்று பிதுங்கி, கைக்குப் போகும் நரம்பை நெருக்குகிறதாம். மாத்திரை, பயிற்சி, கழுத்துப் பட்டி எல்லாம் பார்த்தாயிற்று. பலம் குறைந்துகொண்டேதான் போனது. கை போனால் வேலை போய்விடும். அதைவிட, சட்டைப் பொத்தானைப் புஷ்பம் போட்டுவிடுவதுதான் அவருக்குச் சகிக்கவில்லை.

துணைக்கு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் சிங்களத்தில் சொல்ல, நர்ஸ் ஜெஸீமா தமிழில் விளக்கினாள். கழுத்தைப் பெரிதாகக் கீறப்போவதில்லை. பின்பக்கம் சின்னத் துளை ஒன்று போட்டு, கமெரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டு, நரம்பை நெருக்கும் துண்டை மட்டும் எடுப்பார்களாம். எல்லா ஒப்பரேஷனையும் போல இதிலும் ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாதாம்.

"அப்ப செய்வமா?" என்று கேட்டாள்.

அண்ணன் பழக்க தோஷத்தில் தலையை ஆட்டப் பார்த்தார். கழுத்தில் போட்டிருந்த பட்டி விடவில்லை. டொக்டர் காத்திருந்தார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

"அவருக்குச் சம்மதந்தான் மிஸ்," என்றாள் புஷ்பம்.

"இல்ல," என்றார் அவர். "பயமா இருக்கு, புஷ்பம். கழுத்துல கத்திய வெச்சு, இருக்கிற பலமும் போயிட்டா?"

கலியாணமாகி இத்தனை காலத்தில் அவர் பயம் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. எனக்கு எரிச்சல் போய் அழுகை வந்தது.

ஜெஸீமா அதைச் சிங்களத்தில் சொன்னதும் டொக்டர் கதிரையை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி விளக்கினார். பயப்படுவது நியாயம்தான், ஆனால் இன்னும் தள்ளிப்போட்டால் கையின் பலம் திரும்பாமலே போகலாம் என்றார். அண்ணன் புஷ்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இங்கயே இருப்பியா?"

"நான் எங்கங்க போகப்போறேன்?"

"அப்ப செய்யச் சொல்லு."

ஒப்பரேஷனுக்கு மறுநாள் காலை டொக்டர் வார்டுக்கு வந்தார். முழுப் பலமும் வர நாளாகும் என்று சொல்லிவிட்டு, வலது கையால் மனைவியின் விரல்களை அழுத்தச் சொன்னார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

"ஐயோ, விடுங்க, வலிக்குது!" என்றாள் புஷ்பம். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அண்ணன் விடவில்லை. அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.