சாராயத்தில் ஊறிய செம்பருத்தி இலை

பிரெஞ்சுக்காரர் ஆட்சி நடந்த காலம், முப்பதுகளின் நடுப்பகுதி. எனக்குச் சொந்த ஊர் பாகூர். அங்கே கடைத்தெருவில் எங்கள் அத்தா மளிகைக் கடை வைத்திருந்தார். நான் புதுச்சேரியில் மருத்துவப் படிப்பின் முதல் ஆண்டு. வருடக் கடைசியில் உயிரியலில் ஒரு வாய்மொழித் தேர்வு உண்டு. அதில் தேறினால் மேலே படிக்கலாம். தேறாவிட்டால் கடைக் கல்லாவில் வந்து உட்கார வேண்டியதுதான் என்று அத்தா முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

எனக்கு அதைப் பற்றிக் கொஞ்சமும் பயமில்லை. அந்த வயதில் எனக்கு எதிலும் பயமில்லை என்பது வேறு விஷயம். ஆசிரியர் படிப்பதற்காகச் சொல்லி எழுதவைத்த கேள்விகள் அத்தனையும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இலை உணவு தயாரிக்க வெளிச்சம் வேண்டும் என்பதை நிரூபிக்கவும். தாய் தகப்பனிடம் தென்படாத குணம் பிள்ளையிடம் தென்படுவது எப்படி? தொற்றி வரும் நோயையும் பிறப்பிலேயே வருவதையும் வேறுபடுத்துக. இப்படிப் போகும். விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது ஏரிக்கரையில் நடந்துகொண்டே பிரெஞ்சில் பதில் சொல்லிப் பார்ப்பேன். ஆடு மேய்ப்பவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

தேர்வில் ஆளுக்கொரு சோதனையும் செய்து காட்ட வேண்டும். எனக்கு விழுந்தது இலைச் சோதனை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் நின்ற செம்பருத்தியில் இரண்டு இலைகளைத் தேர்ந்தெடுத்து, கறுப்புக் காகிதத்தில் பிறை வெட்டி, தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலமே அவற்றின் மேல் இறுகப் பொருத்திவிட்டேன். மறுநாள் உச்சி வெயிலில் ஓர் இலையைப் பறித்துச் சூட்டோடு சூடாகச் சாராயத்தில் போட வேண்டும். பச்சை நிறம் சாராயத்தில் இறங்கிவிடும். வெயிலில் இலை செய்துவைத்த மாவுச்சத்து மட்டும் உள்ளேயே நிற்கும். அதன்மேல் டிங்சர் அயோடின் விட்டால் மாவு உள்ள இடம் கறுக்கும். பிறை மூடியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரியும். இன்னொரு இலையைக் காகிதத்தோடு கிளையாகவே வெட்டி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டேன். எப்படி மூடிவைத்தேன் என்று தேர்வாளருக்குக் காட்ட வேண்டுமல்லவா.

பாகூரில் ஸ்பிரிட்டுக்கு எங்கே போவது? சாராயக் கடைதான் இருந்தது. பள்ளிவாசலுக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளை சாராயக் கடை வாசலில் நிற்க முடியுமா? கடையில் மூட்டை இறக்கும் அண்ணனைக் கெஞ்சி வாங்கிவரச் சொன்னேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துக்கொண்டே வாங்கிக் கொடுத்தார். மிட்டாய் போட்டு வைக்கும் அகலவாய்ச் சீசா ஒன்றில் அதை ஊற்றி, இலையை அமிழ்த்தி, மூடியைத் துணியால் கட்டினேன். அத்தாவுக்குத் தெரியாது.

தேர்வு நாள் காலையில் சைக்கிளில் கிளம்பினேன். எங்கள் பக்கத்து எல்லைகள் ஒட்டுப்போட்ட துணி மாதிரி. பிரெஞ்சு ஊர், இங்கிலீஷ் ஊர், மறுபடியும் பிரெஞ்சு ஊர் என்று மாறி மாறி வரும். பாகூரிலிருந்து புதுச்சேரி போக, நடுவில் கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரன் மண்ணை மிதித்தே ஆக வேண்டும். அங்கே ஒரு சுங்கச் சாவடி இருந்தது. நம் பக்கத்துச் சாராயம் அந்த மண்ணில் கால் வைத்தால் கடத்தல். எத்தனையோ முறை அந்தச் சாவடியைக் கடந்திருக்கிறேன்; யாரும் நிறுத்தியதில்லை. அதனால் அந்த நினைப்பே எனக்கு வரவில்லை.

மூடி கசிந்து பை முழுக்க நனைந்திருந்தது. சாவடி ஜமேதார் மூக்கைச் சுளித்துக்கொண்டு கையை நீட்டி மறித்தார். சீசாவை வெளியே எடுத்துத் தூக்கிப் பார்த்தார். உள்ளே பச்சைப் பசேலென்று சாராயம், அதில் சுருண்டு கிடக்கும் இலை.

"இன்னா தம்பி இது? பாகூர்ல மளிகக் கட வெச்சிருக்காரே பாய், அவரு புள்ளதான நீ? உன் கையில சாராயமா? தழ போட்டு வேற ஊற வெச்சிருக்க."

"ஐயா, இது குடிக்கிறதுக்கு இல்ல. பரீட்சைக்கு."

அவர் சிரிக்கக்கூட இல்லை. இப்படி எத்தனை கதை கேட்டிருப்பார். கடலூருக்குக் கூட்டிப் போய்ப் பெரிய அதிகாரி முன்னால் நிறுத்தப்போவதாகச் சொன்னார். கடலூர் போனால் அன்றைய பொழுது அங்கேயே முடிந்துவிடும். தேர்வு மதியம் மூன்று மணிக்கு. அப்போதுதான் எனக்கும் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது. ஆனாலும் வாய் விடுமா?

"ஒரு சட்டி சுடுதண்ணி குடுங்க. இங்கியே செஞ்சு காட்டறேன். நான் சொன்ன மாதிரி இலையில பிறை தெரியலன்னா நானே உங்க கூடக் கடலூருக்கு வரேன்" என்றேன்.

சவால் அவருக்குப் பிடித்துவிட்டது. சாவடிக்குப் பின்னால் இருந்த குடியிருப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி சுடுதண்ணீர்ச் சட்டியோடு வந்தார். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. தலையிலிருந்து கால்வரை முந்தானையால் மூடியிருந்தது. சீசாவைச் சுடுதண்ணீரில் நிறுத்தினேன். இலையில் மிச்சமிருந்த பச்சையும் இறங்கி அது பழுத்த வெற்றிலை நிறத்துக்கு வந்தது. அதை எடுத்து அலசி, பீங்கான் தட்டில் விரித்து, பையிலிருந்த அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். இலை கருநீலமாகிக்கொண்டே போனது. நடுவில் மட்டும் வெளுப்பாக ஒரு பிறை நின்றது.

ஜமேதார் குனிந்து பார்த்தார். தொட்டுப் பார்த்தார். அவருக்கு அது ஏதோ மோடி வித்தை மாதிரி இருந்திருக்க வேண்டும். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "வெளிச்சம் பட்ட இடம் கறுத்திருக்கு. வெளிச்சம் மறைஞ்ச இடம் வெளுத்திருக்கு. அவ்வளவுதான்" என்றேன். தேர்வாளர் முன்னால் நின்றிருந்தால்கூட அவ்வளவு கம்பீரமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

"சரி, போ" என்றார் ஜமேதார். சட்டம் சட்டம்தான் என்று மிச்சச் சாராயத்தை மண்ணில் கொட்டிவிட்டுக் காலிச் சீசாவை என்னிடம் நீட்டினார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, குரலை இறக்கிச் சொன்னார்:

"பாத்தியா? எங்கம்மா சொன்னது பொய்யா? வெளிச்சம் மறஞ்சா வெளுக்கும்னு படிச்ச புள்ளயே சொல்லுது."

அந்த அக்காவின் முகம் செத்துப்போயிற்று. முந்தானை விலகியது. அப்போதுதான் குழந்தையை முழுதாகப் பார்த்தேன். உடம்பெல்லாம் உரித்த பூண்டு நிறம். தலைமுடி சோளக்கதிர் நார் போலிருந்தது. வெளிச்சம் தாங்காமல் கண்கள் ஓரிடத்தில் நில்லாமல் ஆடின. தாயும் தகப்பனும் நல்ல கறுப்பு.

நான் கேட்காமலே அந்த அக்கா சொன்னார். வயிற்றில் பிள்ளை இருந்தபோது சூரிய கிரகணம் வந்ததாம். காய்ந்த துணியை எடுக்க ஒரு நிமிஷம் வெளியே வந்தாராம். அதனால்தான் குழந்தை இப்படிப் பிறந்தது என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். ஜமேதாருக்கு வேறு பெண் பார்த்தாயிற்று. தை பிறந்ததும் கல்யாணம்; அதற்கு முன்னால் இவரையும் குழந்தையையும் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். "நானும் இல்லன்னு சொல்லிக்கினே இருந்தேன் தம்பி. இப்ப நீயே செஞ்சு காட்டிட்ட" என்றார். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த சோதனை இன்னொருத்தர் கழுத்துக்குக் கயிறாகி நிற்கிறது. சைக்கிள் தயார், வழி திறந்திருக்கிறது, வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனால் என் பாடத்தை ஒருவர் இப்படித் தப்பாகப் படித்துவிட்டுப் போவதை என்னால் பார்த்துக்கொண்டு போக முடியவில்லை. சைக்கிளை மறுபடியும் ஸ்டாண்டில் நிறுத்தினேன்.

ஈரத்துணியைப் பிரித்து அந்தக் கிளையை எடுத்தேன். "ஐயா, இதிலயும் அதே காகிதம்தான். நீங்களே பிரிங்க" என்றேன். அவர் கறுப்புக் காகிதத்தை உரித்தார். அடியில் இலை பச்சையாகவே இருந்தது. சுற்றிலும் எப்படியோ அப்படியே.

"வெளிச்சத்த மறைச்சா இலை வெளுக்கல. அங்க சோறு ஆக்கல, அவ்வளவுதான். நிறத்த எடுத்தது சாராயம். மொதல்ல நான் சொன்னது அரைகுறை. கொழந்த நிறத்துக்கும் கிரகணத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

"அப்ப இது குஷ்டமா? ஒட்டிக்குமா?" என்றார் அந்த அக்கா. ஒட்டாது, இது கிருமியால் வருகிற நோயே இல்லை, வெயில் மட்டும் ஆகாது, கண்ணையும் தோலையும் காப்பாற்றினால் போதும் என்றேன். ஜமேதார் விடவில்லை. பின்னே எங்கிருந்து வந்தது என்று கேட்டார். என் தேர்வுக் கேள்விகளிலும் ஒன்று அதுதான்.

"இந்த அக்கா உங்களுக்கு அசலா, சொந்தமா?"

"கூடப்பொறந்த அக்காவோட பொண்ணு."

அவ்வளவு போதும் எனக்கு. வகுப்பில் படித்த வெள்ளை எலிகளை விட்டுவிட்டு நெல்லுக்கு வந்தேன். விதை நெல்லில் ஒரு குறை ஒளிந்திருந்தால் அது ஒற்றையாக இருக்கும்வரை வெளியே தெரியாது. தகப்பனிடம் ஒன்று, தாயிடம் ஒன்று என இரண்டும் ஒரே பிள்ளையில் வந்து சேரும்போதுதான் தெரியும். ஒரே குடும்பத்துக்குள்ளேயே கட்டினால் இரண்டும் சேர வாய்ப்பு அதிகம். "உங்க அம்மா வழியில இல்லன்னா அப்பா வழியில இதே மாதிரி ஒருத்தர் இருந்திருக்கலாம். யோசிங்க" என்றேன்.

ஜமேதார் கையிலிருந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அவர் அம்மாவுக்கு ஒரு தாய்மாமன் இருந்தாராம். பகலில் கண்ணைத் திறக்கவே மாட்டாராம். மீசையெல்லாம் வெள்ளையாம், சின்ன வயதிலிருந்தே. யாரும் அவரைப் பற்றி வீட்டில் பேசுவதில்லையாம்.

"அப்ப எங்கம்மா வூட்டுதா இது" என்றார்.

"அவங்க வழியா உங்ககிட்ட. உங்க அக்கா வழியா இவங்ககிட்ட. ரெண்டு பேரும் பாதிப் பாதி."

அதோடு முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் அவர் கணக்குத் தெரிந்த மனிதர். "அப்ப அசல்ல கட்டினா இந்த மாதிரி பொறக்காதா?" என்று கேட்டார்.

சரியான பதில் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் இரண்டாம் கல்யாணத்துக்கு நானே நாள் குறித்துக் கொடுத்த மாதிரி. அந்த அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஏற்கெனவே ஓர் அரைகுறைப் பதிலால் பட்டது போதும்.

"அநேகமா பொறக்காது. இவங்களோடயே இருந்தா அடுத்தடுத்த புள்ளைங்களுக்கு, ஒவ்வொரு தடவையும், நாலுக்கு ஒண்ணுங்கற மாதிரி வரலாம், வராமலும் போகலாம். ஆனா ஐயா, அசல்ல கட்டினா உங்ககிட்ட இருக்கிறது போயிடாது. மறைஞ்சிக்கும், அவ்வளவுதான். இவங்ககிட்ட குத்தம்னா உங்ககிட்டயும் அதே குத்தம். அனுப்பறதுன்னா ரெண்டு பேரையும் அனுப்பணும்."

கடைசி வாக்கியம் எந்தப் பாடத்திலும் இல்லை. அது எப்படி என் வாயில் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

குழந்தை வெயிலுக்குக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு சிணுங்கியது. ஜமேதார் சாவடிக்குள் போய்த் தன் குடையை எடுத்துவந்தார். விரித்து, மனைவியின் தலைக்கும் குழந்தையின் தலைக்கும் மேலே பிடித்தார்.

"வெயில்ல நிக்க வெக்காதடி. கண்ணு கூசுதுல்ல அதுக்கு" என்றார்.

நான் கிளம்பும்போது அந்த அக்கா பச்சை இலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மாமியாருக்குக் காட்ட வேண்டுமாம். பிறை தெரிந்த இலையை ஜமேதார் விடுவதாயில்லை. காலிச் சீசாவோடு வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தபோது என் முறை தாண்டி, கடைசி ஆளாகத்தான் உள்ளே விட்டார்கள். செய்து காட்ட ஒன்றுமில்லையா என்று தேர்வாளர் கேட்டார். வழியிலேயே செய்து காட்டிவிட்டேன் என்று தொடங்கி, சாராயம் முதல் குடை வரை பிரெஞ்சில் சொல்லி முடித்தேன். நடுவே அவர் குறுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். எதுவும் ஜமேதார் கேட்டதைவிடக் கடினமாக இல்லை. தேறினேன். அத்தாவுக்குக் கல்லாவில் உட்கார வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று.

ஊர் திரும்பும்போது சாவடியில் ஜமேதார் வேண்டுமென்றே என் பையை வாங்கி மோந்து பார்த்தார். "இன்னா, இன்னிக்குத் தழ இல்லயா?" என்றார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டே, "பொண்ணு பாத்தத வேணான்னு சொல்லி அனுப்பிட்டேன். அம்மா கோவிச்சுக்கினு பேசல" என்றார். குடியிருப்பின் வெயில் விழும் பக்கமெல்லாம் புதிதாகக் கீற்று கட்டியிருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள் வைத்தியம் பார்த்துவிட்டேன், எத்தனையோ பேருக்கு எத்தனையோ சரியான பதில்களைச் சொல்லிவிட்டேன். ஆனால் நான் சொன்னதில் உங்களுக்கு என்ன புரிந்தது, திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்காமல் இன்றுவரை ஒருவரைக்கூட நான் எழுந்து போக விட்டதில்லை.