வெறும் பாக்டீரியாவும் மின்னியது

எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. சார்லஸ் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஆய்வகத்தில் நோரீன் கெல்லெஹருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். பட்டம் கிட்டம் கிடையாது. ஜனவரிக் குளிரிலும் ஐஸ் காபி குடிப்பாள். தொண்ணூற்றாறு குழித் தட்டுகளில் பாக்டீரியாவை நிரப்புவது அவள் வேலை. ஒவ்வொரு தட்டிலும் ஒரு வரிசையை, ஒளிரும் மரபணு போடாத வெறும் பாக்டீரியாவுக்கென்று ஒதுக்கிவிடுவாள். அது மின்னக்கூடாது. மின்னினால் சோதனையே தப்பு. "எட்டுக் குழி தண்டம்" என்று கிண்டலடித்து, அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வோம்.

எங்களோடு வேலை செய்யும் ஆய்வாளன் கிடியனின் தட்டுகளில் மட்டும் அந்த வரிசை இல்லை. ஆர்சனிக் கலந்த தண்ணீரில் பச்சையாக மின்னும் பாக்டீரியாவை உருவாக்கியவன் அவன். கூடுதல் மாதிரிகளுக்கு இடம் வேண்டுமென்று மூன்று வருடம் முன்பு கெஞ்சினான், அவளும் மசிந்தாள். அந்த முடிவுகளை நம்பித்தான் வியாழக்கிழமை அவனுக்குப் பேராசிரியர் வேலைக்கு நேர்காணல்.

செவ்வாய் காலை, அவனுடைய கடைசித் தட்டில் ஓரத்தில் இடம் மிச்சமிருந்தது. பழக்க தோஷத்தில் நோரீன் அங்கே அதே ஆர்சனிக் தண்ணீரில் வெறும் பாக்டீரியாவைப் போட்டாள். ஒரு பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஒளி என்று கருவி எண்களைக் காட்டியது. அதுவும் அதே அளவு மின்னியிருந்தது!

"மெஷின் கெட்டுப்போச்சு," என்றான் கிடியன்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு ராசா. ஆர்சனிக் முக்காவாசி பாக்டீரியாவைக் கொன்னுடுது. அதுங்க வளர்ற சூப்புக்கே கொஞ்சம் பச்சை ஒளி உண்டு. அதை மிச்சமிருக்கிற தலைகளுக்குப் பங்கு போட்டா, தலைக்கு நிறைய வரத்தானே செய்யும்?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மூன்று வருடம்! நூற்று நாற்பது தட்டு!

"வியாழக்கிழமை வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க நோரீன். உங்க கால்ல வேணா விழறேன்."

அவள் ஆய்வகத் தலைவருக்கு மின்னஞ்சல் அடிக்க ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தேன். 'ஆர்சனிக் முடிவுகள் தப்பு. நூற்று நாற்பது தட்டுகளிலும் வெறும் பாக்டீரியா வரிசையைப் போடாமல் விட்டது நான்' என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிடியனும் எழுந்து வந்து படித்தான்.

"இதுல என் பேரே இல்லையே?"

"உன் பேர நீதான் போடணும்." நாற்காலியை விட்டு எழுந்தாள்.

அவன் உட்கார்ந்தான். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அவள் பெயருக்கு மேலே தன் பெயரை அடித்து, அனுப்பிவிட்டான்.