பார்க்காமல் எழுதிய வரி

மார்ச் 11, செவ்வாய்.

இன்று ஒரு தவறு செய்தேன். சின்னத் தவறு என்றுதான் அப்போது நினைத்தேன். மாலை 6.45க்குப் பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே பார்த்ததாக எழுதினேன். மற்றபடி கீழே உள்ளதெல்லாம் நடந்தது நடந்தபடி. நான் எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவள். நேரம் எல்லாம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தது.

செவிலியர் உதவியாளர் மாலை வகுப்பில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. பயிற்சி, பிரசவம் முடிந்த தாய்மார்களின் அறையில். முதல் கட்டில் காலி. இரண்டாம் கட்டிலில் இருந்த அக்காவுக்கு 5.50க்குக் குழந்தை பிறந்திருந்தது. கால் மணிக்கு ஒரு தடவை அவர் தொப்புளுக்குக் கீழே நான் கை வைத்துப் பார்க்க வேண்டும். கருப்பை பந்துபோல் கெட்டியாக இருந்தால் நல்லது. மெத்தென்று இருந்தால் ரத்தம் கொட்டப் போகிறது என்று அர்த்தம். ஓடிப்போய் சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். பிறகு நாப்கினில் ரத்தக் கசிவு எவ்வளவு என்று பார்த்து அட்டையில் எழுத வேண்டும்.

6.30க்குக் கை வைத்தபோது, குழந்தையை மடியில் வைத்திருந்த அவருடைய நாத்தனார், "ஏம்மா, நீ அமுக்குற அமுக்குல இன்னொண்ணு வந்துடப் போகுது" என்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த அக்காவும் சிரித்தார்.

6.45. அக்கா கண் மூடியிருந்தார்.

"இப்பத்தான் கண்ணசந்தா. விட்டுடும்மா" என்றார் நாத்தனார்.

விட்டுவிட்டேன். மேல் வரியைப் பார்த்து அப்படியே எழுதினேன்: கெட்டி. கசிவு குறைவு. விரிப்பு எடுத்து வரக் கீழ்த்தளத்துக்குப் போனேன்.

7.00. திரும்பி வந்தேன். நாத்தனார் இல்லை. குழந்தை இல்லை. அக்கா மட்டும் விழித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை வைத்தேன். கெட்டி. ரொம்பக் கெட்டி... கையுறையைத் தாண்டிச் சில்லென்றது.

நாப்கினைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. பிள்ளை பெற்று ஒரு மணி நேரத்தில் அப்படி இருக்கவே இருக்காது.

அட்டை கட்டில் கம்பியில்தான் தொங்கியது. எழுதினேன்: கெட்டி. கசிவு இல்லை.

"ஆறே முக்காலுக்கு ஏன் தொடல?"

"தூங்கிட்டிருந்தீங்கக்கா..."

"தூங்கல."

சொட்... சொட்... சொட்...

கட்டிலுக்கு அடியில். குனிந்தேன்.

தரை ஈரம். அப்போதுதான் துடைத்த ஈரம்.

நிமிர்ந்தேன்.

மெத்தை இல்லை. வெறும் கம்பி.

7.04. வாசலில் சிஸ்டர். எப்போதும் என்னை "வாம்மா, கடிகாரம்" என்பவர். இன்று அப்படிக் கூப்பிடவில்லை.

"ஆபரேஷன் தியேட்டருக்குத் தூக்கிட்டு ஓடினோம். கட்டிலுக்கடியில ரத்தம் சொட்டுறதப் பாத்து நாத்தனார்தான் கத்தினாங்க. ஏழு மணிக்கு அந்தப் பொண்ணு உயிர் போயிடுச்சு."

கட்டில் கம்பியைப் பார்த்தேன்; அட்டை அங்கே இல்லை.

"ஆறே முக்காலுக்கு நீ எழுதினதப் பாத்துட்டுதான் நான் கிட்டப் போய்ப் பாக்கல."

8.10க்கு அட்டை திரும்பி வந்தது. 6.52க்கே அவரோடு தியேட்டருக்குள் போன அட்டை. இரண்டு தடவை சரிபார்த்தேன். 6.45 வரிக்குக் கீழே இன்னொரு வரி.

7.00. கெட்டி. கசிவு இல்லை.

என் கையெழுத்து.

நாளை: மாலை 5.30க்கு மேற்பார்வையாளரிடம் போய், 6.45க்கு நான் அவரைத் தொடவே இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.