பலகையில் நடவு செட்டு

வில்லியனூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு என்னை டெமோ கிளாஸ் எடுக்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிக் காலேஜ் வரை போனவன் நான் ஒருவன்தான். இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். ஆறாம் வகுப்பு; பாடம், பெயர்ச்சொல் வகைகள். கடைசி பெஞ்சில் பிரின்சிபால் மேடம் உட்கார்ந்திருந்தார்.

ஏம்பலம் என்றால் பிராப்பர் நவுன், ஊர் என்றால் காமன் நவுன். அதுவரை நன்றாகப் போயிற்று. கலெக்டிவ் நவுனுக்கு வந்ததும், சிங்கக் கூட்டத்துக்கு ஒரு சொல், கப்பல் கூட்டத்துக்கு ஒரு சொல் என்று புத்தகத்தில் இருந்ததை எழுதினேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

"நீங்க கண்ணால பார்த்த கூட்டம் ஒண்ணு சொல்லுங்க" என்றேன்.

ஜன்னலோரத்துப் பெண் எழுந்தாள். "நடவு செட்டு, சார். எங்கம்மா அதுல இருக்காங்க."

"ஐயே, சேத்துல எறங்குற வேல!" என்று ஒருவன் கத்த, வகுப்பே சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

நாற்று நடும் பெண்களின் செட் என்று ஆங்கிலத்தில் பலகையில் எழுதினேன்.

"சார், அத அழிச்சிடுங்க. புக்ல இருக்கறது போதும்" என்றார் மேடம்.

டஸ்டர் கையில்தான் இருந்தது. என் அம்மாவும் நடவு செட்டுதான். ஒருமுறை ஏம்பலத்தில் நிலத்துக்காரர் மூட்டுவலிக்காரி ஒருத்தியைக் காட்டி, "அந்தம்மா கை மெதுவா போவுது, நிறுத்திடுங்க" என்றாராம். அம்மா கையிலிருந்த நாற்றை அப்படியே போட்டுவிட்டு வரப்பேறினாள். பின்னாலேயே எல்லோரும் ஏறினார்கள். செட்டில் அதுதான் வழக்கம். நட்டால் எல்லோரும் நடுவார்கள், இல்லையென்றால் ஒருவரும் இல்லை. பாதி நட்ட கழனியைப் பார்த்து நின்ற நிலத்துக்காரர், வெயில் ஏறுவதற்குள் மூட்டுவலிக்காரியையும் சேர்த்தே திரும்பக் கூப்பிட்டார்.

டஸ்டரை மேசையில் வைத்தேன். "அழிக்க மாட்டேன் மேடம். அந்தப் பொண்ணு சொன்னது சரி."

வகுப்பு முடிந்ததும் மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "உங்க இங்கிலீஷ் நல்லா இருக்கு. ஆனா பேரண்ட்ஸ் இதுக்கா பிள்ளைங்கள இங்க சேக்கறாங்க? நாளைக்கு வந்து புக்ல இருக்கறத மட்டும் எடுங்க. வேலை உங்களுக்குத்தான்" என்றார்.

"அந்தப் பொண்ணோட அம்மாவும் பேரண்ட்தானே மேடம்?"

மறுநாள் நான் போகவில்லை.

அம்மா விடவில்லை. "ஒரு வார்த்தைய அழிச்சா கை தேஞ்சிடுமாடா உனக்கு?"

"நீ ஏம்பலத்துல வரப்பேறலியா?"

"நாங்க ஏறுனா கழனிக்காரன் கூப்புட்டுத்தான் ஆவணும். நீ ஒண்டி ஆளு. உன்ன எவன் கூப்புடுவான்?"

உண்மைதான். அந்தப் பள்ளி கூப்பிடவில்லை.

வரும் வாரம் பாகூரில் இன்னொரு பள்ளியில் டெமோ. பாடத்தை நானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதே பாடம்தான். இந்த முறை ஒரு பிள்ளை எழுந்து சொல்லிச் சிரிப்பு வாங்கட்டும் என்று காத்திருக்க மாட்டேன். சிங்கத்துக்கும் கப்பலுக்கும் முன்னால், முதல் வரியே நடவு செட்டு.

அம்மாவிடம் சொன்னேன்.

"எழுது, எழுது. எழுதிட்டு வந்து எங்கூட நாத்து புடுங்கு" என்றாள்.

பிடுங்குவேன். அதுவும் எனக்குத் தெரியும்.