மையவாடிக் கிணற்று நீர்

இஸ்லாமிய அடக்க முறையும் நிலத்தடி நீரும். இதுதான் என் பட்ட மேற்படிப்பு ஆய்வின் தலைப்பு. விஞ்ஞான பீடத்தில் என்னை மார்க்கம் படித்த ஆலிமா என்று கேலி செய்தார்கள். இஸ்லாமியக் கற்கைப் பக்கம் போனால் கிணறு இறைக்கிறவள் என்றார்கள். நாங்கள் பெட்டியும் சீமெந்தும் இல்லாமல் இறந்தவரை வெள்ளைக் கபன் துணியில் சுற்றி மண்ணில் வைக்கிறோம். இதனால் பூமிக்குக் கேடு உண்டா என்பது என் கேள்வி. எங்கள் கற்பிட்டிப் பக்கம் மணல் தரை, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அதனால் கேட்கவேண்டிய கேள்விதான்.

எத்தாளையில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக் கிணற்றிலும் ஊரார் அடங்கிய மையவாடி ஓரத்துக் கிணறுகளிலும் போத்தல் போத்தலாகத் தண்ணீர் எடுத்தேன்.

"மௌத்தானவங்களோட குடித்தனம் நடத்தவா மகள் கெம்பஸுக்குப் போனீங்க?" என்று வாப்பா சிரிப்பார். போத்தல்களைச் சுமந்துவந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டவரும் அவர்தான்.

மையவாடித் தண்ணீரில் குறை காணவில்லை. எங்கள் தோட்டத்துக் கிணற்றில்தான் வெங்காயத்துக்குப் போட்ட பசளை இறங்கியிருந்தது. அதைக் கேட்டு வாப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. பிறகு, "அப்ப பசளைய விட நான் நல்லவன். மௌத்தானா என்ன அங்கயே வெச்சிடுங்க," என்றார். நானும் சிரித்தேன்.

பின்னர் அந்தக் கொள்ளைநோய் வந்தது. அதில் இறந்தவர்களைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெட்டுவிடும், எரிக்கத்தான் வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டம் இருந்த நாட்களில்தான் வாப்பா அந்த நோயில் ஆஸ்பத்திரியில் மௌத்தானார்.

தம்பியும் நானும் ஆய்வறிக்கையைத் தூக்கிக்கொண்டு சுகாதார அலுவலகத்துக்கு ஓடினோம். அதில் அந்த நோயைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தண்ணீரைப் பற்றி இருந்தது, எங்கள் மையவாடியைப் பற்றி இருந்தது. அதிகாரி மரியாதையாக உட்காரக் கதிரை காட்டினார். முதல் பக்கத்தைப் பார்த்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பவேயில்லை.

"மிஸ், இது சமயம்தானே. எங்களுக்கு விஞ்ஞானம் வேணும்."

"உள்ளுக்குத் தண்ணிச் சோதனை இருக்கு சேர்."

"மேல இஸ்லாம்னு போட்டிருக்குதானே."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என்னுடையதை ஏடு என்றுகூட அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஒரு சொல்லை அழித்துவிட்டு நீட்டியிருந்தால் வாசித்திருப்பாரோ என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது. வாசித்திருந்தாலும் எரித்திருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

வாப்பாவைக் குளிப்பாட்டவில்லை. கபனிடவில்லை. வீதியின் மறுபக்கம் நின்று தகனசாலையின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாம்பல் வேண்டாம் என்று தம்பி சொல்லிவிட்டான். அன்று என் நெஞ்சில் பற்றியது இன்னும் அணையவில்லை.

பிறகு சட்டம் மாறியது, புதைக்கலாம் என்றார்கள். என் ஆய்வுக்கும் திடீரென்று மவுசு வந்தது. மாநாடொன்றுக்கு அழைத்தார்கள், பேசி முடித்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு அவர்கள் எல்லோர் மீதும் கோபம் வந்தது.

அடுத்த பெருநாளன்று தொழுகை முடிந்ததும் ஊர் ஆண்கள் வழக்கம்போல மையவாடிக்குப் போனார்கள், அவரவர் வீட்டாரின் கபுரடியில் நின்று துஆக் கேட்க. தம்பி நேரே வீட்டுக்கு வந்தான். உம்மா வட்டிலப்பம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மகன், வாப்பாக்கு ஓதாம வெள்ளனே வந்துட்டீங்க?"

கேட்ட பிறகுதான் உம்மாவுக்கு நினைவு வந்தது. கத்தியைப் போட்டுவிட்டு அவனை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"என்ட புள்ள எங்க போவான்," என்று கதறினார். "எங்க போவான்?"