கட்டிலில் பதினாறு கீறல்கள்

பர்மாவில் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருஷம், மனைவியின் முதுகுவலிக்காகப் பழைய தேக்குக் கட்டில் ஒன்று வாங்கினேன். தரையில் படுக்கவே கூடாது என்று டாக்டர் மூன்று முறை சொல்லியிருந்தார். பிரித்துக் கொண்டுவந்த கட்டிலைத் தின்கன்ஜூன் பேட்டையில் எங்கள் வீட்டில் இறக்கியபோது, சட்டங்களின் முனைகளிலும் கால்களின் துளையோரங்களிலும் உளி வெட்டிய கீறல்களைக் கண்டோம். எண்ணினேன், பதினாறு. யாரோ செய்வினை வைத்திருப்பதாகச் சொல்லி, கட்டிலைப் பூட்டவே விடாமல், அவள் பாயைத் தரையில் விரித்துக்கொண்டாள்.

எனக்கோ அவற்றை எங்கோ பார்த்த நினைவு. நடைபாதைக் கடையில் வாங்கிப் பாதி படித்திருந்த ஆங்கிலப் புத்தகத்தில் வட ஐரோப்பியரின் ரூன் எழுத்துகள் இருந்தன. மரத்தில் வெட்டுவதால் எல்லாம் நேர்க்கோடு. படுக்கைக்கோடு மட்டும் இல்லை. மர ரேகையோடு கலந்துவிடுமாம். ஓலையில் எழுதிய பர்மியர், அது கிழியாமலிருக்க, வட்டத்துக்குப் போயிருக்கிறார்கள், இவர்கள் கோட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று வியந்தேன். பழைய வரிசையில் இருபத்து நான்கு எழுத்து, பின்னதில் பதினாறு. என் எண்ணிக்கையோடு ஒத்துப்போகவே பின்னதைப் பிடித்துக்கொண்டேன்.

ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பொருள். ஒற்றைக் கோடு பனிக்கட்டி. குறுக்கே சாய்ந்த வெட்டு விழுந்த கோடு இடர். அதை அவளிடம் சொல்லித் தொலைத்தேன். கட்டிலில் இருந்த பெருக்கல் குறி பதினாறு எழுத்து வரிசையில் இல்லவே இல்லை. இருபத்து நான்கில் அதற்குக் கொடை என்று பொருள். இரண்டு வரிசையையும் கலக்கலாமா என்று ஆறு நாள் குழம்பினேன். அவள் ஆறு நாளும் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள்.

கட்டிலை விற்றுவிடலாம் என்று அவள் சொல்ல, ஏழாம் நாள் தெருக்கோடி லெத்தமாவை, பர்மியத் தச்சரை, அழைத்துவந்தேன். கீறல்களையும் பொருளையும் நான் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்துவிட்டு அவர் ஒரு சட்டத்தை எடுத்தார். பெருக்கல் குறி உள்ள முனையைப் பெருக்கல் குறி உள்ள துளையில் செருகித் தட்டினார். எந்த முனை எந்தத் துளைக்கு என்று கட்டிலைச் செய்தவர் போட்ட அடையாளமாம். எட்டு மூட்டு, மூட்டுக்கு இரண்டு கீறல்.

"ஊரையே எண்ணுவீங்க. சோடி சோடியா இருக்கறது கண்ணுல படலியா? லெத்தமா பாத்த ஒடனே சொல்லிட்டாரு" என்றாள் மனைவி.

கட்டில் முழுதாக நின்றதும் அவள் நான்கு கால்களையும் தொட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, கொடைன்னீங்களே, அது எந்தக் காலு? தலைய அங்கிட்டு வச்சுக்கிறேன்."

காட்டினேன். படுத்தாள். அதே காலின் மறுபக்கத்தில்தான் 'இடர்' இருந்தது. அதை நான் சொல்லவில்லை.